வெளுத்த நாற்றும் வெளுத்த முகமும்

குறுவைக்கு நாற்று விட்ட இரண்டு வாரத்தில், தண்ணீர் சரியாக நிற்காத மேட்டு நாற்றங்காலில் அங்கங்கே இளந்தாள்கள் பச்சை இழந்து, சில இடங்களில் காகிதம் போல வெளுத்து நிற்பதைக் காவிரிப் படுகையில் பயிர் செய்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். அதற்குக் காரணம் தேடி யாரும் அலைவதில்லை. "பயிர் இரும்புச் சத்து எடுக்கலை, அன்னபேதி அடிச்சு விடுங்க" என்று உரக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அன்னபேதி உப்பு என்பது இரும்பு சல்பேட். அதை நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ வீதம் கரைத்துத் தெளித்தால், சில நாள்களில் நாற்றில் பச்சை திரும்பிவிடும். அதே நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறிக்கிற பெண்களின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் எத்தனை பேருக்கு உள்பக்கம் சிவப்பாக இருக்கும் என்ற கேள்வி மட்டும் வரப்பில் நிற்கும் எவருக்கும் எழுவதில்லை. இத்தனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்படும் சிவப்பு மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது, மருந்துக்கெனத் தூய்மை செய்யப்பட்ட அதே இரும்பு உப்புதான். (உரக்கடை அன்னபேதி வாயில் வைக்கத் தகாதது என்பதையும், சித்த மருத்துவத்தில் வழங்கும் அன்னபேதிச் செந்தூரம் முறைப்படி சுத்தி செய்து புடமிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.)

2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இந்தியா முழுமைக்கும் எடுத்தால் பெண்களில் 57 விழுக்காடு, ஆண்களில் 25 விழுக்காடு. விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்தைக் கொண்டு அளப்பதால் இந்த எண்ணிக்கை சற்று மிகையாக வந்திருக்கலாம் என்று வல்லுநர்களுக்குள் ஒரு விவாதம் உண்டு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரே வீட்டில் ஒரே உலைச் சோற்றை உண்ணும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பது அளவைக் கருவியின் பிழையால் மட்டும் வராது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் இரத்தசோகை என்று கொள்கிறார்கள். கர்ப்பமில்லாதவர்களுக்கு 8-க்குக் கீழே போனால் அது கடுமையானது. மருத்துவமனையில் இருந்து வருகிறவர்கள் இதையெல்லாம் கிராம் கணக்காகச் சொல்வதில்லை. "எட்டுப் பாயிண்டுதான் இருக்காம்" என்பதே ஊர்ப்பேச்சு.

நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய மண்ணில் இது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு. என்னைக் கேட்டால் வியப்பதற்கே இடமில்லை. நெற்களஞ்சியம் என்பதே விடையின் ஒரு பாதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவின்படி, வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து உணவில் இருக்க வேண்டும். ஆணுக்கு 19 போதும். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் இருப்பதோ ஏறத்தாழ 0.65 மில்லிகிராம், புழுங்கலரிசியில் அதைவிட ஒரு துளி கூடுதல். மூன்று வேளையும் சேர்த்து 400 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடும் உழைப்பாளிப் பெண்ணுக்கு அந்தச் சோற்றிலிருந்து 3 மில்லிகிராம்கூடத் தேறாது. அதாவது வயிறு நிறைந்துவிடும், தேவையில் பத்தில் ஒரு பங்குதான் நிறைந்திருக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு நான்கரை மில்லிகிராமும், கம்பில் ஆறுக்கு மேலும் இருக்கிறது. மேட்டு நிலங்களில் கூழும் களியுமாக இருந்த உணவு, ஆற்றுப் பாசனம் பாய்ந்த ஊர்களில் என்றைக்குமே இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. இங்கே கேப்பைக் கூழ் ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றுவது என்ற அளவில் நின்றுவிட்டது.

உணவில் இருப்பது ஒரு கணக்கு, உடல் எடுத்துக்கொள்வது வேறொரு கணக்கு. வெளுத்த நாற்றங்காலுக்கு மறுபடி போனால் இது எளிதில் விளங்கும். அந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்பழுப்பு நிறமே இரும்பினால் வருவது. ஆனால் காற்றோட்டமுள்ள மேட்டு மண்ணிலும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் இரும்பு துருவைப் போலக் கரையாத வடிவத்தில் இறுகிக் கிடக்கும். வேர் அதை உறிஞ்ச முடியாது. தண்ணீர் கட்டினால், மண்ணில் காற்றுக் குறைந்து, அதே இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி வேருக்குக் கிடைக்கும். குடலிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பின் பெரும்பகுதி கரையாத வடிவில் இருக்கிறது. தானியத்தின் மேல்தோலில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் அதை மேலும் கட்டிப்போடுகிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி, கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி அந்தக் கட்டை அவிழ்த்து, கரையும் வடிவத்துக்கு மாற்றிக் குடலுக்குக் கொடுக்கிறது. நம்முடைய சைவச் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்குதான் உடலுக்குள் போகிறது என்பதால், இந்த அவிழ்ப்பும் கட்டுமே ஒரு பெண்ணின் முகம் வெளுக்குமா சிவக்குமா என்பதில் பாதியைத் தீர்மானிக்கின்றன.

கட்டிப்போடும் பொருள்களில் முதலிடம் தேநீருக்கு. அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். காபி அதைவிடச் சற்றே குறைவாகக் கெடுக்கும். கும்பகோணம் டிகிரி காபியின் புகழுக்கு இதனால் குறைவு வந்துவிடாது, ஆனால் இட்லியை முடித்த கையோடு தம்ளரைத் தேடும் பழக்கத்துக்கு விலை உண்டு. வெற்றிலைப் பாக்கில் உள்ள பாக்கும் துவர்ப்பு மிகுந்ததுதான். நடவுக்குப் போகும் பெண்கள் பசியை அடக்க வாயில் ஒதுக்கிக்கொள்வது அதைத்தான் என்பதால், பசிக்கிற நேரத்தில் சோறு கிடைக்காமல் போவதும், பிறகு கிடைக்கிற சோற்றின் சத்து போய்ச்சேராமல் தடைபடுவதும் ஒரே பழக்கத்தில் சேர்ந்துகொள்கின்றன.

திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் என் பெரியம்மா நாற்பது வருடம் நடவுக்குப் போனவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு வரக்காப்பி. ஆறு மணிக்குத் தூக்குச்சட்டியில் பழைய சோறும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு கிளம்பினால், வயலில் இறங்குமுன் நாலு வாய் சாப்பிட்டதுதான் கணக்கு. பத்து மணிக்கு நிலத்துக்காரர் வீட்டிலிருந்து கேனில் டீ வரும். கூடவே ஆளுக்கு ஒரு வடை. சேற்றுக் கையை வாய்க்காலில் அலசிவிட்டு, வரப்பில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, வடையைக் கடித்தபடி டீயைக் குடிக்கிற அந்தக் கால் மணி நேரம்தான் நாள் முழுக்க அவருக்கு வாய்க்கிற ஓய்வு. செவிலியர் கொடுத்த இரும்பு மாத்திரையை மறக்கக் கூடாது என்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, அந்த டீயோடுதான் விழுங்குவார். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டார். பரிசோதனையில் அரைப் புள்ளிகூட ஏறவில்லை. "மாத்திரையும் பொய்யி, டெஸ்ட்டும் பொய்யி" என்று அவர் சலித்துக்கொண்டதில் எனக்கு அன்று பதில் இல்லை. டீயை யாரும் சந்தேகிக்கவில்லை. மருந்தை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாத பெண்களைப் பற்றிப் பேச எல்லாருக்கும் தெரியும். ஒழுங்காகச் சாப்பிட்டும் பலன் காணாதவர்களிடம் "எதோட சாப்பிடுறீங்க அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பதுதான் அரிது.

பழைய சோற்றைப் பற்றி இணையத்தில் உலவும் பெருமைகளில் ஒரு பகுதி உண்மை. இரவெல்லாம் புளிப்பதால் பைட்டேட் சிதைந்து, இருக்கிற இரும்பு சற்று எளிதில் கிடைக்கும். ஆனால் தண்ணீரில் ஊறுவதால் இரும்பு புதிதாகப் பிறந்துவிடாது. அரை மில்லிகிராம் இருந்த இடத்தில் பல மடங்கு ஏறிவிடும் என்று சொல்வது கணக்குக்கு ஒவ்வாதது. அதேபோல், நிறத்தைப் பார்த்து மாதுளையையும் பீட்ரூட்டையும் இரத்தம் ஊறும் பொருள்களாக எண்ணுவதும் கண்மயக்கமே. இரண்டிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கிலோ இருநூறு ரூபாய்க்கு மாதுளை வாங்கிப் போய்க் கர்ப்பிணியைப் பார்க்கிறவர்கள், கொல்லையில் நிற்கும் முருங்கையில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போனால் கூடுதல் பயன் உண்டு. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு நான்கரை மில்லிகிராம் அளவில் இரும்பு இருக்கிறது. பருப்புப் போட்டுக் கிண்டி, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் அதில் கொஞ்சம் உடம்பில் ஒட்டவும் செய்யும். கொதிக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும்.

அடுப்படியில் இன்னொரு இழப்பு சத்தமில்லாமல் நடந்தது. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்தபோது, புளியின் அமிலத்தில் சட்டியின் இரும்பு கொஞ்சம் கரைந்து குழம்பில் சேர்ந்தது. தோசைக்கல்லும் தன் பங்குக்குக் கொடுத்தது. எவர்சில்வரும் அலுமினியமும் ஒட்டாத கல்லும் வந்தபின் அந்த வழி அடைபட்டது. துருப்பிடிக்கும், கறுக்கும், தூக்கக் கனம் என்று பரணில் ஏற்றப்பட்ட இரும்புச் சட்டி இப்போது நகரத்துக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கப்படுகிறது என்பது வேறு கதை.

இரும்பு மிக எளிதில் உடம்பில் சேர்வது மாமிச உணவில் இருந்துதான். அதிலும் ஆட்டின் மண்ணீரலை, அதாவது சுவரொட்டியை, இரத்தம் குறைந்தவர்களுக்குச் சுட்டுக் கொடுக்கும் நம் வழக்கம் முற்றிலும் சரியானது. டெல்டாவின் உழைக்கும் வீடுகளில் இதற்கு விலையில்லாத ஒரு வழி இருந்தது. தண்ணீர் வற்றும்போது வாய்க்காலில் பிடிக்கும் கெண்டையும் குரவையும், வரப்பு வளையில் பிடிக்கும் நண்டும், களை எடுக்கும்போது மடியில் சேர்த்துக் கொண்டுவந்து அவித்துத் தொக்கு வைக்கும் நத்தையும் அந்த வழி. மீனும் நத்தையும் தம்முடைய இரும்பைத் தருவதோடு, கூட இருக்கும் சோறு கீரையின் இரும்பையும் உடம்பில் சேர உதவுகின்றன. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வயலுக்குள் வந்தபின் நத்தை பொறுக்குவது குறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் நத்தையைத் தின்னவும் பயமாக இருக்கிறது. நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து வரும் மத்தியும் நெத்திலிக் கருவாடும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. ஆனால் நத்தை இலவசம், மத்திக்குக் காசு வேண்டும். காசு கொடுத்து வாங்கிய மீனில் நடுத்துண்டு யார் தட்டில் விழும் என்பதும், கடைசியில் உட்காருகிறவருக்குக் குழம்பின் வாசனை மட்டும் மிஞ்சும் என்பதும் எந்த ஊட்டச்சத்து அட்டவணையிலும் வராது. பயறு உளுந்தின் கதையும் அப்படித்தான். சம்பா தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நெல்லுக்குள் தெளித்து, மண்ணின் மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைவித்தெடுக்கும் உளுந்து, களத்திலிருந்து நேராக வியாபாரியின் கோணிக்குப் போகிறது. பெண் பெரியவளானால் உளுந்தங்களியை நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்துத் தேற்ற வேண்டும் என்று அறிந்த சமூகம், அந்தப் பெண்ணின் அடுத்த முப்பத்தைந்து வருடத்துக்கு அதே அக்கறையைத் தொடர்வதில்லை.

அந்த முப்பத்தைந்து வருடத்தில்தான் கசிவு நிகழ்கிறது. சராசரி மாதவிலக்கில் 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் போகும். ஒரு மில்லிலிட்டர் நல்ல இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு என்பதால், மாதம் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது மிகைப்போக்கு. யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால், ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது ஆகியவற்றைக் கொண்டு உணர்ந்துகொள்ளலாம். "எனக்கு எப்பவுமே இப்படித்தான், எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று சொல்லும் பெண்களுக்குக் கர்ப்பப்பையில் நார்க்கட்டியோ தைராய்டுக் கோளாறோ இருக்கக்கூடும். காப்பர்-டி போட்டபிறகு போக்கு அதிகமாகியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மாத்திரைகளும், கர்ப்பப்பையினுள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு. "பிள்ளை பெத்தாச்சு, எடுத்துப் போட்டுடலாம்" என்று கர்ப்பப்பையை அகற்றும் யோசனை முதல் வாய்ப்பாக வரும்போது, மற்ற வழிகளையும் கேட்டுக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு.

கர்ப்ப காலத்தின் கணக்கு இன்னும் பெரிது. சிசு, நஞ்சுக்கொடி, தாயின் கூடும் இரத்தம், பிரசவத்தின் இழப்பு எல்லாம் சேர்த்து ஒரு பேறுகாலத்துக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது. இருப்பே இல்லாமல் கல்யாணமாகி, ஒன்றரை வருட இடைவெளியில் இரண்டு பிள்ளை பெறுகிற பெண் இந்தக் கடனை எங்கிருந்து அடைப்பாள்? பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், பன்னிரண்டு கிராம் உள்ளவர் தாங்கும் இழப்பை ஏழு கிராம் உள்ளவர் தாங்க மாட்டார். ஊரிலிருந்து தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்கு அவசரமாக அழைத்துப்போகும் வண்டியில் உறவினர்கள் இரத்தம் கொடுக்க ஆள் தேடுவதற்கான காரணம் பல நேரங்களில் எட்டு மாதத்துக்கு முன்பே அட்டையில் எழுதப்பட்டிருக்கும்.

இன்னொரு கசிவு காலின் வழியாக ஏற்படுகிறது. கொக்கிப்புழுவின் குஞ்சு, மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். நம் பக்கத்தில் பரவலான வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் வரை உறிஞ்சும். அற்பமாகத் தெரியும் இந்த அளவை நூறு புழுவால் பெருக்கினால், நாளுக்கு மூன்று மில்லிலிட்டர். ஒரு நாள் முழுதும் உடல் சிரமப்பட்டு உணவிலிருந்து எடுத்துவைத்த இரும்பு அப்படியே அதற்குப் போய்விடும். சேறு கட்டிய நடவு வயலைவிட, நிழலும் ஈரமுமாக இருக்கும் ஆற்றங்கரை, மூங்கில் கொல்லை, வாழைத்தோப்பு, வரப்போரம் ஆகியவையே இந்தப் புழுக்குஞ்சுக்கு ஏற்ற இடங்கள். ஒதுங்கப் போகிற இடங்களும் அவையே. நடவு வயலில் செருப்புப் போட முடியாது. தோப்புக்குப் போகும்போது போடலாம். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆண்டுக்கு இரு முறை கொடுக்கப்படும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை இதற்குத்தான்.

இரும்பு குறைந்துபோவதை உடல் பல மொழிகளில் சொல்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, எழுந்தால் கிறுகிறுப்பு, கை கால் ஓய்ச்சல், முடி கொட்டுவது, நகம் கரண்டி போலக் குழிவது ஆகியவை பலரும் அறிந்தவை. அறியாத ஒன்று, சாப்பாடல்லாத பொருளின் மேல் ஏற்படும் ஆசை. முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்ணைப் பார்த்து, "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்டி" என்று கேலி செய்வதோடு நாம் விட்டுவிடுகிறோம். பச்சரிசி, சாம்பல், விபூதி, சிலேட்டுக்குச்சி, மழை பெய்தவுடன் மண் வாசனையில் எழும் தாளாத ஆசை ஆகியவை இரும்புக் குறைவின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் அந்த ஆசை தானாக அடங்கிவிடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு அறிகுறிகள் இருந்தும் ஏன் யாரும் சொல்வதில்லை என்பதற்கு நடவுக் கூலி பேசும் முறையில் ஒரு விடை இருக்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு குழுவாகப் பேசி நடும்போது, பத்துப் பேர் வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிறார்கள். ஒருத்தி பின்தங்கினால் அவள் பங்கை மற்றவர்கள் நட வேண்டும். இரத்தசோகை உள்ளவரின் உழைக்கும் திறன் குறைவது உறுதியான உண்மை. ஆனால் அதை வெளியே சொன்னால் அடுத்த முறை குழுவில் கூப்பிட மாட்டார்கள் என்ற அச்சமும் உறுதியானது. ஆகவே அசதி என்பது நோயாகக் கருதப்படாமல் வயதாகவும், வெயிலாகவும், கண்ணேறாகவும் பெயர் மாறிக்கொள்கிறது.

இனி மாத்திரை. 1970-இலிருந்து ஏதோ ஒரு பெயரில் இரும்பு மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் நாட்டில் இருந்து வருகிறது. 2018-இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தின்படி, கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் 180 நாளும் பிரசவத்துக்குப் பின் 180 நாளும், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை தினமும். பள்ளி செல்லும் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. பாதியில் விடுவதற்கு முதன்மைக் காரணம் குமட்டலும் மலச்சிக்கலும், மலம் கறுத்துப் போவதைப் பார்த்து ஏற்படும் பயமும். கறுப்பது இயல்பானது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் விட மாட்டார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன் தண்ணீரில் விழுங்கினால் குமட்டல் தெரியாமல் தூங்கிவிடலாம், டீயின் தொல்லையும் இல்லை. கர்ப்பிணிகளுக்குக் கூடவே கொடுக்கப்படும் கால்சியம் மாத்திரையை இதனோடு சேர்க்காமல் பகலில் சாப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே கையில் போட்டு விழுங்கினால் கால்சியம் இரும்பைத் தடுக்கும். பால் குடிப்பதற்கும் அதே விதி.

ஒரு நாள் மாத்திரை போட்டால், கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள் ஒரு நாள் வரை உயர்ந்து நின்று, அடுத்து வரும் இரும்பைக் குடலிலேயே தடுத்து நிறுத்துகிறது. இதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு சேர்கிறது என்று இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் செய்யப்பட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கர்ப்பிணிகள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. குமட்டலால் மாத்திரையையே நிறுத்த நினைக்கும் மற்றவர்கள் மருத்துவரிடம் இந்த யோசனையைக் கேட்கலாம். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாவிட்டால், சிரை வழியாக இரும்பு மருந்து ஏற்றும் முறை இருக்கிறது. அதற்கு முன், குறைவு இரும்பில்தானா என்றும் பார்க்க வேண்டும். மாமிசமும் மீனும் தொடாத வீடுகளில் வைட்டமின் பி12 குறைவும், சிலருக்குப் பிறப்பிலேயே தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் கோளாறின் சாயலும் இருக்கலாம். அவற்றுக்கு இரும்பைக் கொட்டினால் பயனில்லை.

நியாயவிலைக் கடைகளில் வழங்கத் தொடங்கிய செறிவூட்டப்பட்ட அரிசி இந்தக் கணக்கில் சேர வேண்டிய மற்றொரு வரவு. நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில், அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் வார்த்த மணிகள் அதில் கலந்திருக்கும். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன 400 கிராம் அரிசியின் வரவு, இந்த அரிசியில் 11-க்கும் 17 மில்லிகிராமுக்கும் இடையே உயரும். அந்த மணிகள் களையும்போது சற்று மிதக்கின்றன, மஞ்சளாகத் தெரிகின்றன என்பதற்காகப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியும் வீடுகளை நான் அறிவேன். சொந்த நிலத்துப் பொன்னியை வீட்டுக்கும், கடை அரிசியை இட்லிக்கும் கோழிக்கும் என்று பிரித்து வைத்திருக்கும் டெல்டாவில், இந்தத் திட்டத்தின் பலன் யார் வயிற்றில் சேர்கிறது என்பதைக் கோழிகளிடமும் விசாரிக்க வேண்டும்.

கடைசியாகக் காலக் கணக்கு. சிகிச்சை தொடங்கி ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமோ அதற்குச் சற்று மேலோ ஏறும். அளவு சரியானபிறகும் உடலின் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதிலிருந்து நான்கு மாதம் பின்னோக்கி எண்ணினால் தை கடைசியில், மாசி முதலில் வந்து நிற்போம். சம்பா அறுத்து, வயலில் பயறு பூத்திருக்கும் பருவம் அது. நடவு, களை என்ற கடும் உழைப்பு இல்லாத மாதங்கள். இரத்தப் பரிசோதனைக்கு டெல்டாவில் இதைவிட ஏற்ற காலம் இல்லை. ஆனால் பெண்கள் பரிசோதனைக்கு வருவது, உடம்பு தாங்காமல் விழுந்தபிறகு, பெரும்பாலும் நடவு முடிந்த ஆடியிலும் ஆவணியிலும்தான்.

எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு மாசி மாதத்தில், துணை சுகாதார நிலையத்துக்கு யாரும் வராததைப் பார்த்துவிட்டு, கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு பயறு எடுக்கும் வயலுக்கே வந்தார். வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொருவர் விரலாகத் துடைத்துக் குத்தினார். ஒன்பதரை, எட்டே முக்கால், பத்து, ஒன்பது என்று அட்டையில் எண்கள் ஏறின. பெரியம்மா தன் எண்ணைக் கேட்டுவிட்டு, "போன தடவையும் இதேதானேம்மா" என்றார். அந்த நேரம் பார்த்து டீக் கேன் வந்தது. "மாத்திரையை இதோட போடாதீங்க பெரியம்மா, ராத்திரி படுக்கும்போது போடுங்க" என்று செவிலியர் சொன்னபோதுதான் எனக்கும் உறைத்தது. கேனைச் சுமந்து வந்த பையன் வேடிக்கையாகத் தன் விரலையும் நீட்டினான். அவனுக்குப் பதின்மூன்றரை இருந்தது.